மூன்றாம் நாள் பட்டியலில் என் மூக்கு

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ செத்து ஆறு மாதம் ஆகிறது. செத்தவனிடம் சுகம் விசாரிக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி பேதலிக்கவில்லை. நேற்றுக் காலை கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்கு மேலே, நாலு வரியில் ஒரு செய்தி. அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சலுக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் போட்டால்தான் பலனாம்.

இரண்டு நாளுக்குள் என்று எழுதியிருக்கிறானே, அது யாருடைய இரண்டு நாள்? அவனுடையதா, நம்முடையதா? இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்க வேண்டும். கேட்க நீ இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு உன்னை வாய்விட்டே திட்டினேன். உளுந்து வாங்க வந்து நின்ற அம்மாள் பயந்துபோய் வாங்காமலே போய்விட்டாள். அந்த வியாபாரமும் உன்னால்தான் போயிற்று.

எங்கே போனாலும் உன்னை எல்லோரும் புகழ்கிறார்கள். திருநெல்வேலி டவுனில் அப்படி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் இனிமேல் வரப்போவதில்லை என்கிறார்கள். உன் கிளினிக் வாசலில் படம் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். நான் அந்தத் தெரு வழியே போவதில்லை. உன் சிரித்த முகத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

நாம் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நீ நன்றாகப் படித்து வடக்கே போய் டாக்டராகித் திரும்பினாய். நான் பத்தாவதோடு நின்று தச்சநல்லூரில் அப்பாவின் நெய்க்கடையில் உட்கார்ந்தேன். அதனால் உனக்கு நான் குறைந்தவன் என்று நீ ஒரு நாளும் காட்டியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் நீ செய்ததின் முழுக் கேவலம் தெரியாது. வேண்டாதவன் செய்தால் வயிற்றெரிச்சலோடு போகும். நீ என்னை ‘லே’ என்று கூப்பிட்டவன்.

என் மூக்கைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. நாங்குநேரிப் பக்கத்து வீடுகளிலிருந்து டின் டின்னாக நெய் வரும். நான் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தேய்த்து முகர்வேன். எருமையா பசுவா, எத்தனை நாள் வெண்ணெயைச் சேர்த்து உருக்கியது, முருங்கையிலை போட்டு இறக்கினார்களா, கொஞ்சம் அசந்து தீயவிட்டார்களா, வனஸ்பதி கலந்திருக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டுக்காரர்களும் பலகாரக் கடைக்காரர்களும் என் மூக்கை நம்பி டின்னைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ கடைக்கு வரும்போதெல்லாம் காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாய். “நான் ஏழு வருஷம் மூக்கப் படிச்சிருக்கேன். ஆனா மூக்கு ஒன்கிட்டல்லா இருக்கு” என்பாய்.

தொண்ணூற்று மூன்றில்தான் உனக்கு அந்தப் பித்துப் பிடித்தது. கைநடுக்கத்துக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை ஃப்ளூ காய்ச்சலுக்கும் கேட்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். ஆனால் எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றாய். என் கடையில் காலி டின் மேல் உட்கார்ந்து, நெய் வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து எனக்குப் பாடம் நடத்தினாய்.

“கிருமி மூக்குக்குள்ளதாம்லே மொதல்ல பெருகுது. இந்த மாத்திர அதக் கொல்லாது. பெருக விடாமத் தடுக்கும், அம்புட்டுதான். பெருகி முடிச்சப்பெறவு குடுத்து என்ன செய்ய?”

“அப்பம் சீக்கிரம் குடுத்துர வேண்டியதுதான.”

“எம்புட்டுச் சீக்கிரம்? அதல்லா பாக்கணும். நாப்பத்தெட்டு மணி நேரங்கான். அதுக்குள்ள குடுத்தா மூக்குச் சவ்வு எப்படி இருக்கு, குடுக்காட்டா எப்படி இருக்கு, நான் கண்ணால பாக்கப் போறேன்.”

கிளினிக்கின் பின்னறையில் உன் மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்க வைத்தாய். நல்ல மூக்கிலிருந்து அப்போதுதான் சுரண்டி எடுத்தது. வரிசையாகச் செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய மயிர்கள், அவை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. வாய்க்கால் வரப்பில் நின்று நெற்பயிரைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு காய்ச்சல்காரன் ஒருவனுடையதைக் காட்டினாய். மயிரெல்லாம் உதிர்ந்து, செல்கள் அங்கங்கே சுவர்க்காரை போலப் பெயர்ந்து கிடந்தன. “பத்து நாள்ல திரும்ப மொளச்சுரும். சிலவனுக்கு மேல வரைக்கும் போயிரும். அங்கனதான் வாசன பிடிக்கிற எடம் இருக்கு, தபால் தல அளவுக்கு. அது போச்சுன்னா வருமா வராதான்னு சொல்ல முடியாது” என்றாய்.  என் பிழைப்பே ஒரு தபால் தலை அளவு இடத்தில் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே போய் மில் தொழிலாளிகளைப் பார்த்து வந்தாய். அங்கே உனக்கு ஒரு வசதி. மில்காரனுக்கு எல்லாமே ஷிப்டுக்கு ஊதுகிற சங்குச் சத்தத்தில்தான். “ரெண்டாஞ் சங்கு ஊதும்போது மேலு காய ஆரம்பிச்சுது டாக்டர்” என்று அவன் சொன்னால் நீ மணியை எழுதிக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது விரல்விட்டு எண்ணாமலே கிடைத்துவிடும். அவர்களை வைத்து நாற்பத்தெட்டு மணிக் கணக்கை நீ ஒழுங்காகப் போட்டாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் அதை டவுனுக்குக் கொண்டு வந்ததில்தான். டவுனில் சங்கு இல்லை. வருகிறவனிடம் “காய்ச்ச எத்தனாம் நாளு?” என்று கேட்டாய். அவன் சொன்ன நாளை இருபத்துநாலால் பெருக்கினாய். முதல் நாளும் இரண்டாம் நாளும் வந்தவனுக்கு மாத்திரை. மூன்றாம் நாள் வந்தவனுக்கு மாத்திரை கிடையாது. கொடுத்தும் பயனில்லை, தலைசுற்றலும் தூக்கக்கேடும்தான் மிச்சம் என்று அவனைத் தனிப் பட்டியலில் எழுதி, மூக்கில் சுரண்டி மட்டும் அனுப்பினாய். மூன்றாம் நாள் என்றால் எழுபத்திரண்டு மணி என்று உனக்கு யார் சொன்னது? உன் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்தாயே, எந்த நாளிலிருந்து எண்ணினாய்? அவர் செத்த அன்றையும் சேர்த்துத்தானே? அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தானே அவர் போனார்? அரை நாள்கூட இல்லாத நாளை ஒரு நாளாக எண்ணினாயே. அதை எண்ணும்போது திருநெல்வேலிக்காரனாக இருந்தவன் நோட்டைத் திறந்ததும் எந்த ஊர்க்காரனாக ஆனாய்?

அந்த மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எனக்குக் குளிர் கண்டது. தை முகூர்த்தங்களுக்கு நெய் சேர்த்துக்கொண்டிருந்த சமயம். வெள்ளிக்கிழமை முழுக்கப் போர்வைக்குள் கிடந்தேன். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு உன் கிளினிக்கில் வந்து நின்றேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. வேறு யாரிடமாவது போயிருக்கலாம். உன் மாத்திரையை நினைத்துத்தான் உன்னிடம் வந்தேன்.

“எத்தனாம் நாளுலே?”

“மூணாம் நாளு.”

“அடச்சே. நேத்தே வந்துருக்கக் கூடாதா? மூணாம் நாளுக்கு மாத்திர கெடையாது. மூக்கத் தூக்கு.”

வியாழன், வெள்ளி, சனி. நம் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அது மூன்றாம் நாள்தான். மணிக்கணக்கில் பார்த்தால் முப்பத்தெட்டு. நான் எண்ணிப் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவன் எண்ண வேண்டியதில்லை. எண்ண வேண்டியவன் எண்ணவில்லை. “பைய, பைய, அசையாத” என்று சொல்லிக்கொண்டு சின்னக் கரண்டி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டினாய். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி என் பேரை எழுதி ஒட்டினாய். நான் உனக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

காய்ச்சல் ஐந்தாறு நாளில் விட்டது. கடையைத் திறந்து உட்கார்ந்தேன். நாங்குநேரியிலிருந்து வழக்கமாக வருகிற கோனார் இரண்டு டின் இறக்கினார். புறங்கையில் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. மூக்கடைப்பு என்று நினைத்து மறுபடியும் தேய்த்தேன். வெறும் சூடும் பிசுபிசுப்பும்தான். “என்ன அண்ணாச்சி, பேசாம இருக்கிய? சரக்குல எதும் குத்தமா?” என்று அவர் கேட்டார். முகம் சுண்டிப் போயிருந்தது அவருக்கு. “சே, தங்கம்லா” என்றேன். பார்க்காத நெய்யைத் தங்கம் என்று நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

உன்னிடம் ஓடி வந்தேன். “வந்துரும்லே, ஒரு மாசம் பாரு” என்றாய். மறுபடியும் சுரண்டினாய். பத்தாம் நாள் சில்லில் என்ன தெரிந்தது என்று கேட்டதற்கு “கீழ நல்லாத்தான் மொளைக்குது” என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். மேலே என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் ஆறு மாதமாயிற்று, ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று.

அதற்குப் பிறகு நான் எப்படிப் பிழைத்தேன் என்று உனக்கு முழுதும் தெரியாது. நெய் வந்தால் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி, சாப்பிடப் போகிற சாக்கில் வீட்டுக்குக் கொண்டு போவேன். என் வீட்டுக்காரி முகர்ந்து பார்த்துச் சொல்வாள். பாவம், அவளும் நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லா வியாபாரத்தையும் சாப்பாட்டு வேளைக்குத் தள்ளிப்போட முடியுமா? ஒரு நாள் புதிதாக ஒருவன் எட்டு டின்னோடு வந்து, உடனே சொல்லும், வண்டி நிற்கிறது என்றான். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம் போலக் கண்ணை மூடிப் புறங்கையை முகர்ந்து தலையாட்டினேன். எட்டும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் விடியுமுன் பெண் வீட்டார் டின்களைத் திருப்பிக் கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார்கள். பெண்ணின் தகப்பனார் என்னைத் திட்டவில்லை. ஒரு டின்னைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“மோந்து பாரும் அண்ணாச்சி.”

நான் முகர்ந்தேன்.  சுற்றி நின்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அது சிக்கு வாடை பிடித்த நெய் என்று தெரிந்துகொண்டேன். “இத்தன வருசம் ஒம்ம நம்பினோம்வே” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார். அதோடு போயிற்று என் மூக்கின் கதை. இப்போது மளிகை விற்கிறேன். நெய்யும் விற்கிறேன், முத்திரை போட்ட பாக்கெட் நெய். அதற்கு மூக்கு வேண்டாம், தேதி படிக்கக் கண் இருந்தால் போதும்.

மாத்திரை கொடுத்திருந்தால் என் மூக்கு போயிருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நான் டாக்டர் இல்லை, நீயே சொல்ல முடியாது. போட்டும் போனவர்கள் இருக்கலாம், போடாமலே திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்த மூன்று வருஷமும் நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. தாமதமாக வந்தது நான்தானே என்று என்னையே நொந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை எழுந்து போயிருக்கலாமே என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன். என் வீட்டுக்காரியைக்கூட, நீ ஏன் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அவள் அழுதாள்.

தொண்ணூற்றாறில் ஒரு மத்தியானம் நீ கடைக்கு வந்தாய். மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் உன் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கை தட்டினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீ உட்காரும் டின் இப்போது பாமாயில் டின். அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாய். 

“ஒன்ன மூணாம் நாள்ல எழுதுனது தப்புலே.”

“என்ன தப்பு?”

“மணிக்கணக்குல நீ ரெண்டு நாளுக்குள்ளதான் வந்துருக்கே. முப்பத்தெட்டு மணி நேரம். மில்காரங்க சவ்வும் டவுன்காரங்க சவ்வும் ஒத்து வரல. ஏன்னு தேடிப் பாத்தேன். நாள எண்ணுறதுல எடறிருக்கேன்.”

 கேள், அந்த நிமிஷம் எனக்கு உன் மேல் பெரிய கோபம் வரவில்லை. மனிதன் கணக்கில் பிசகுவான். நானும் டின் எண்ணிக்கையில் பிசகியிருக்கிறேன். பாவம், இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்றுகூட நினைத்தேன். சும்மா பேச்சுக்குத்தான் அடுத்ததைக் கேட்டேன்.

“எப்பம் தெரிஞ்சுது ஒனக்கு?”

நீ பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், மதுரைக்குப் போய் வந்த பிறகுதான் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். இன்றைக்கும் உன் கிளினிக் வாசலில் மாலை போடுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

“மத்தவங்களது இப்பம்தான் தெரிஞ்சுது. ஒன்னது அன்னைக்கே.”

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுக்காரி உன்னிடம் வந்திருக்கிறாள், நான் தலைவலியில் முனகுவது தாங்காமல், எனக்குத் தெரியாமல். “வியாழக்கெழம வெளக்கு வச்ச நேரத்துலருந்து இப்படித்தான் கெடக்காவ” என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறாய். விளக்கு வைக்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. நாற்பத்தெட்டு முடிய இன்னும் மூன்றரை மணி நேரம். மாத்திரை உன் மேஜை டிராயரில் இருந்தது. நீ தலைவலிக்கு ஒரு பட்டை மாத்திரை கொடுத்து அவளை அனுப்பினாய்.

“ஏன்?”

“எழுதிட்டேன்லே. சுரண்டியும் எடுத்துட்டேன். அந்தப் பட்டியல்ல ஆளு கொறஞ்சுது. மூணாம் நாள்ல வந்து நிக்கவன் ஒவ்வொருத்தனும் எனக்கு அம்புட்டு அருமையா இருந்துச்சு. ஒருத்தன எடுத்து மாத்திப் போட்டா... நீ சரியாயிருவேன்னு நெனச்சேன். முக்காவாசிப் பேரு சரியாயிருதாங்கள்ளா.”

“எந்திரியும்வே” என்றேன்.

நாற்பது வருஷமாக உன்னை ‘லே’ போட்டவன் அன்று அயலானுக்குப் போடுகிற ‘வே’ போட்டேன். உனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, டின்னை நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட்டுப் போனாய். ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். “ஆமா, போனேன். சொன்னேன். அதுக்கென்ன இப்பம்?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? இன்று வரை சொல்லவில்லை. நான் அவளைக் கேட்டு அழவைத்த கேள்விக்கு அவள் அன்றே பதில் செய்து முடித்திருந்தாள். நீதான் அதை டிராயரில் வைத்துப் பூட்டினாய்.

பிறகு நீ ஆள் மேல் ஆள் அனுப்பினாய். உன் மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும்போது ஆசீர்வாதம் வாங்க அனுப்பினாய். பிள்ளைக்கு விபூதி பூசி அனுப்பினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் எதிரே வந்தாய், நான் தூணைப் பார்த்துக்கொண்டு போனேன். உன் ஆராய்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டாய், தப்பு என்று அந்த டாக்டர்களுக்கே எழுதிப் போட்டாய் என்று பேசிக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். காகிதத்தில் தப்பை அடித்துத் திருத்த உனக்கு வழி இருந்தது.

இந்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டாய் என்று சொன்னார்கள். நான் கடையை அடைக்கவில்லை. சந்தோஷப்பட்டேன் என்று எழுத வேண்டும் போல இருக்கிறது. சந்தோஷமும் வரவில்லை. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன், நிறுத்து முடித்தேன். உன் மகன் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வந்து சேருவான் என்றார்கள். அதுவரை உன்னை ஐஸ் பாளத்தின் மேல் கிடத்தியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரி விடவில்லை. ஊர் என்ன பேசும் என்றாள். பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். வீட்டு வாசலில் ஆள் இல்லை. எல்லோரும் எதிர்ச் சாரியில் போய் நின்றுகொண்டிருந்தார்கள், சிலர் துண்டால் வாயை மூடிக்கொண்டு. என்ன கத்திரி வெயில் அது. ஐஸ் வைக்க வைக்க உருகி வாசல் வரை ஓடியது. உள்ளே பத்தியும் பன்னீருமாக இருந்தும் பயனில்லை போலிருக்கிறது. உன் மனைவி தனியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு மூக்கில் இருந்தது. கட்டிய பெண்டாட்டிக்கே முடியவில்லை. என்னைப் பார்த்ததும் தலைப்பை எடுத்துவிட்டு அழுதாள்.

“பக்கத்துல ஆரும் உக்கார மாட்டேங்காவ அண்ணாச்சி. ஈ மொய்க்கி.”

எனக்கு ஒரு வாடையும் இல்லை. நீ அன்றைக்குச் சவரம் செய்து குளித்து வந்து படுத்தவன் மாதிரி இருந்தாய். நான் போய் உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உன் மனைவியை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். விசிறி எடுத்து ஈ ஓட்டினேன். காதுக்குள் தேங்கிய ஐஸ் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன். உன் மூக்கில் வைத்திருந்த பஞ்சு நனைந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு திரித்து வைத்தேன். பைய வைத்தேன். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களெல்லாம், சிநேகிதன் என்றால் இவனல்லவா சிநேகிதன் என்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. எழுந்து போய் ஒவ்வொருவனையும் அறையலாம் போல இருந்தது. பாசத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, மூக்கு இல்லாததால் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது? அங்கே உண்மை தெரிந்த இன்னொருவன் நீதான். நீ பேசாமல் கிடந்தாய்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டால் மன்னித்துவிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் உன் மகன் வந்து நெஞ்சில் விழுந்து அழுது, உன்னைத் தூக்கின பிறகு, நான் அங்கேயே நின்று மணியைப் பார்த்தேன். அந்தப் பழக்கத்தை எனக்கு உண்டாக்கியவன் நீ. இப்போதெல்லாம் யாராவது மூன்றாம் நாள் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. திங்கட்கிழமை காலை பத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். நான் முப்பத்தொரு மணி நேரம் உன் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை உன் கையில் மூன்றரை மணி நேரம் இருந்தது. உன் கிளினிக்கிலிருந்து என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்.